அவள் வாயில் வரும் பெயர்

எட்டாம் மேடையிலிருந்து அடுத்துக் கிளம்பும் வண்டி எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினேழு வருடமாகப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு மைக், எதிரே நேர அட்டவணை. என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, குரலை எல்லோருக்கும் தெரியும். கடையில் நின்று அரைக் கிலோ வெங்காயம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் திரும்பி, "நீங்க பஸ் ஸ்டாண்டுல பேசுறவங்கதானே?" என்பார். அதில் எனக்கு உள்ளூர ஒரு திமிர் உண்டு. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.

தம்பிக்குப் பெண் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பெயர் தேடும் வேலையை நானாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். நேர அட்டவணைக்கு அடியில் இன்னொரு தாள். அதில் நாற்பத்திரண்டு பெயர்கள். கடவுள் பெயர், தலைவர் பெயர் எதுவும் இல்லை. எல்லாம் வானத்திலிருந்தும் தண்ணீரிலிருந்தும் செடிகொடியிலிருந்தும் எடுத்தவை, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வில் அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "எழிலி. மழைமேகம். பொழிலி. சோலை போன்றவள். கயல். துள்ளுகிற மீன். செங்காந்தள்..." நல்ல நிறுத்தத்தோடு, அறிவிப்புக் குரலிலேயே.

கதவைத் திறந்துகொண்டு நேரக்காப்பாளர் அண்ணன் தலையை நீட்டினார். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று குறித்துக்கொள்ளும் மனிதர். காதில் எப்போதும் ஒரு பேனா.

"தங்கச்சி, பொழிலி போற வண்டி எந்த மேடைன்னு வெளியில ஒரு பெரியவர் கேக்குறாரு. முப்பது வருஷமா இங்க இருக்கேன், எனக்கே தெரியாத ஊரா இருக்கே?"

பார்த்தால் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நாலைந்து பேர் பெட்டியோடு எழுந்து நின்று எழிலிக்கும் பொழிலிக்கும் வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். மானம் கப்பலேறியது. மன்னிப்பு அறிவிப்பு ஒன்று செய்து சமாளித்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெயர்கள் ஒலிபெருக்கியில் போய்க் கூரையில் பட்டு எதிரொலித்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது. இவ்வளவு அழகான சத்தத்தை ஒரு பெண்குழந்தை வாழ்நாள் முழுக்கச் சுமந்துகொண்டு நடக்கப்போகிறதே என்று.

இத்தனைக்கும் என் தம்பி என் குரலை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் மனைவிக்கும் கேட்காது. அவளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து காது போனது. அவனோடு வளர்ந்ததால் எனக்குத் தாய்மொழி இரண்டு, ஒன்று வாயில், ஒன்று கையில். அவர்கள் கையால் பேசியதை இங்கே பேச்சாகவே எழுதுகிறேன். என் மண்டையில் அது அப்படித்தான் விழுகிறது.

தம்பி தச்சுவேலை செய்கிறான். கீழே பட்டறை, மேலே வீடு. அந்த வீட்டுக்குள் போகிறவர்கள் முதலில் கவனிப்பது தரையைத்தான். சிமெண்டுத் தரைக்கு மேல் அவனே பலகை பாவியிருக்கிறான், சமையலறை வரைக்கும். அழகுக்காக இல்லை. இருவருக்கும் காது கேட்காத வீட்டில் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது? தரையைக் காலால் தட்ட வேண்டும். சிமெண்டு அந்தத் தட்டலை விழுங்கிவிடும், பலகை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு தட்டு என்றால் 'இங்கே பார்', இரண்டு என்றால் 'வா', விடாமல் தட்டினால் 'அடுப்பில் என்னமோ தீயுது'. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி உள்ளே கால் வைக்கும்போதே சமையலறையில் தம்பி மனைவி திரும்பிப் பார்ப்பாள். என் நடையை அவள் பாதம் அறியும்.

அவர்களுக்குள் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பெயர். காகிதத்தில் இருக்கும் பெயர் அலுவலகத்துக்கு, கைப்பெயர்தான் வாழ்க்கைக்கு. தம்பி மனைவியின் பெயர், ஒரு விரலால் புருவத்தை நீவுவது. அவளுக்கு அவ்வளவு அடர்த்தியான புருவம். என் பெயர், வாய்க்குப் பக்கத்தில் விரல்களை வாத்து அலகு மாதிரித் திறந்து திறந்து மூடுவது. ஓயாத வாய் என்று பொருள். தம்பி ஆறு வயதில் வைத்தான். மாற்றச் சொல்லி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "வாய் ஓஞ்ச அன்னிக்கு மாத்தறேன்" என்கிறான்.

குழந்தை பிறந்த நான்காம் நாள் காதுச் சோதனை செய்தார்கள். நன்றாகவே கேட்கிறது என்றார் டாக்டர். தம்பி தோளைக் குலுக்கினான். கேட்டாலும் அவன் மகள், கேட்காவிட்டாலும் அவன் மகள். தம்பி மனைவி மட்டும் அன்று முழுக்க யோசனையாகவே இருந்தாள். அடுத்த நாள் நான் போனபோது குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அண்ணி, நீங்க பேர் தேடுறீங்களாமே?"

"தேடுறேன். அசந்து போயிடுவே."

"அழகா இருக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. என் வாயில வரணும்."

எனக்குப் புரியவில்லை. அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததே கிடையாது. சிரிக்கும்போதுகூடக் கையால் மூடிக்கொள்வாள்.

அவள் மெதுவாகச் சொன்னாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பேசப் பழக்கினார்களாம். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அது ஆடும்வரை ஊதி ஊதிச் சொல்ல வேண்டும். தொண்டையில் கை வைத்து அதிர்வைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் வந்தது. பத்தொன்பது வயதில் ஒரு கடைக்குப் போய், தைரியமாக வாயைத் திறந்து, "சிவப்பு நூல்" என்று கேட்டிருக்கிறாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் அவளைப் போலவே பேசிக் காட்டினான். அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் அவன் உதடு போன போக்கு தெரிந்தது. அன்று மூடிய வாய். பன்னிரண்டு வருடம்.

"எனக்குப் பேச்சு ஒண்ணும் வேணாம் அண்ணி. கை இருக்கு, போதும். இவளுக்கும் எங்க பேச்சுதான் முதல்ல வரும். ஆனா இவ திரும்பி நின்னா என் கை இவளுக்குத் தெரியாது. அடுத்த ரூம்ல இருந்தா தெரியாது. தெருவுல தரையைத் தட்டினா கேக்காது. இவளுக்கோ காது கேக்குது. ஊர்ல இருக்கிற அத்தனை பேர் குரலும் இவளுக்குத் தெரியும், அம்மா குரல் மட்டும் தெரியாம வளர்ந்தா? ஒரே ஒரு வார்த்தை போதும். பேர் மட்டும்."

நான் குரலை வைத்துப் பிழைக்கிறவள். பதினேழு வருடம் ஊரார் பயணத்துக்கெல்லாம் கூவியிருக்கிறேன், இப்படி ஒரு காரியத்துக்கு ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. கண்கள் நிறைந்துவிட்டன. "இது என் பொறுப்பு" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன். பெயரைப் பதிந்து கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

என்ன செய்திருக்க வேண்டும் நான்? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் வாயிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். செய்தேனா? நாற்பத்திரண்டையும் தூக்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு போய் நின்றேன்.

கண்ணாடிக்கு முன்னால் அவளை உட்காரவைத்தேன். ஒவ்வொரு பெயராகப் பொருளோடு கையால் விளக்கினேன். நெய்தல், நீர்நிலையில் பூக்கிற பூ. எழிலி, மழையைத் தூக்கிக்கொண்டு வருகிற மேகம். தாழை, வாசத்துக்குப் பேர்போனது. ஆழி, கரை காணாத கடல். தூறல். வைகறை, விடியலுக்கு முந்தைய வெளிச்சம். அவள் கண்கள் விரிந்தன. ஒரு பெண்ணைக் கடல் என்று கூப்பிடலாமா, வெளிச்சத்தின் ஒரு பொழுதைப் பெயராக வைக்கலாமா என்று அவளுக்கு ஆச்சரியம். எழிலியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மேகத்துக்கு நான் காட்டிய கையை அவளும் காட்டி, தொட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். இந்த முறை வாயை மூடவில்லை.

பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தொண்டையில் ஒரு கை, கன்னத்தில் ஒரு கை. கண்ணாடியில் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு, எழிலி என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

வந்த சத்தத்தை நான் மறைக்கப் போவதில்லை. கரகரவென்று, ஏற்ற இறக்கம் இல்லாமல், எங்கேயோ அடியிலிருந்து வந்தது. தொடக்கம் வந்தது, நடு வரவில்லை. வரவே வராது. நாக்கு உள்ளே மடிவதைக் கண்ணாடியில் பார்க்க முடியாது. நானோ ழகரத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவள். எனக்குள் இருந்த அறிவிப்பாளர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்படி இல்ல. நாக்கை மடி. இன்னும் உள்ள. இன்னொரு தடவை." அவள் சொன்னாள். "இல்ல, இன்னொரு தடவை." சொன்னாள். ஏழாவது தடவை வேறொரு சத்தம் வந்தது, தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி. நான் சிரித்துவிட்டேன்.

அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, சத்தத்துக்குச் சிரித்தேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டிப் பேச்சு. சிரிப்பு சிரிப்புதான்.

கண்ணாடியில் அவள் என் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. உதடுகளை மூடினாள். எழுந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். ஒரு கைதான் மிச்சம் இருந்தது, அதால் சொன்னாள்.

"நீங்களே வைங்க. நீங்களே கூப்பிடுங்க. உங்க வாயிலதான் நல்லா வருது."

நான் என்னென்னவோ சொல்லப் பார்த்தேன். அவள் முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். காது கேட்கிறவர்களிடம் கோபித்துக்கொண்டால் கத்தியாவது சமாதானம் செய்யலாம். முதுகைக் காட்டியவளிடம் கையால் எப்படிப் பேசுவது?

மறுநாள் பட்டறைக்குப் போனேன். மரம் இழைத்துக்கொண்டிருந்த தம்பி இழைப்புளியை ஓரமாக வைத்தான். அவன் கோபப்பட்டால் கைகள் வேகம் பிடிக்கும், அன்று வேகமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கல்யாணம் ஆகி அஞ்சு வருஷத்துல எங்கிட்டகூட அவ வாயைத் திறந்ததில்ல. எனக்குக் கேக்கவா போகுது? அப்பவும் திறக்கல. உன்னை நம்பித் திறந்தா. நீ மூடிட்டு வந்திருக்கே."

"தப்புதான்டா."

"எங்கிட்ட சொல்லி என்ன? போ. உனக்கு வச்ச பேர் சரியாத்தான் இருக்கு." வாத்து அலகை ஒரு முறை திறந்து மூடிக் காட்டிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டான்.

அன்று முழுக்க என் அறிவிப்புகள் எனக்கே பிடிக்கவில்லை. மதியத்துக்கு மேல் ஒரு நெரிசல் ஓய்ந்தபோது சட்டென்று ஒன்று உறைத்தது. இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட நான் காதைப் பொத்திக்கொண்டு சொல்லிப் பார்த்ததில்லை. மைக்கை அணைத்தேன். சிவப்பு விளக்கு போய்விட்டதா என்று இரண்டு முறை பார்த்தேன். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை மைக்கில் சாய்த்து வைத்தேன். இரண்டு காதிலும் பஞ்சு. மேசையில் கிடந்த பழைய பயணச்சீட்டு ஒன்றை நீளமாகக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, நாற்பத்திரண்டையும் முதலிலிருந்து தொடங்கினேன்.

எழிலி. சீட்டு அசையவில்லை. கண்ணாடியில் பார்த்தால் என் வாய் சும்மா இளித்துக்கொண்டிருந்தது. கயல், ஒன்றும் இல்லை. நெய்தல், இல்லை. தாழையும் ஆழியும் வெறும் கொட்டாவி. நான் ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்த அழகு மொத்தமும் பல்லுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அடித்தேன். மௌவல் பாதி தேறியது, கடைசியில் வழுக்கியது. ஆம்பலும் அப்படியே. உதட்டில் பிறந்து உதட்டிலேயே முடிகிற பெயர் ஒன்று வேண்டும். நாற்பத்திரண்டில் ஒன்றுகூட இல்லை. பதினேழு வருடம் வாயை வைத்துப் பிழைத்தவளுக்கு வாய் என்றால் என்னவென்றே தெரிந்திருக்கவில்லை.

நேரக்காப்பாளர் அண்ணன் உள்ளே வந்தார். காதில் பஞ்சும் மூக்குக்குக் கீழே சீட்டுமாக நான் இருந்த கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றார். பஞ்சை எடுத்தேன்.

"உடம்புக்கு ஏதும் பண்ணுதா தங்கச்சி?"

"ஒண்ணுமில்ல அண்ணே. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஆறாம் மேடைக்குப் பெரிய வண்டி வருது, மைக்கைப் போடு."

"இன்னும் நுழையவே இல்லையே. எப்படிச் சொல்றீங்க?"

"இதுக்குக் கண்ணு எதுக்கு? பூமி அதிருது பாரு." செருப்பிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தார். "பெரிய வண்டின்னா குதிகால்ல தெரியும், சின்ன வண்டின்னா விரல்ல."

நானும் காலை வைத்தேன். மெலிதாக ஒரு நடுக்கம் ஏறி வந்தது. கொஞ்ச நேரத்தில் வளைவில் வண்டியின் முகம் தெரிந்தது. அறிவிப்பைச் செய்தேன். மைக்கை அணைத்தேன். பஞ்சை மறுபடி காதில் வைத்துக்கொண்டு, அவர் சொன்ன வார்த்தையைச் சீட்டுக்கு முன்னால் சொன்னேன்.

பூமி.

உதடு குவிந்தது, சீட்டு ஆடியது. உதடு மூடியது, நெஞ்சில் வைத்திருந்த கையில் அதிர்வு வந்தது. பிறகு வாய் விரிந்து புன்னகை மாதிரி முடிந்தது. கண்ணாடியில் முழுப் பெயரும் தெரிந்தது. முதலிலிருந்து கடைசிவரை எதுவும் ஒளிந்துகொள்ளவில்லை. என் தாளில் ஏன் இது இல்லை? ரொம்பச் சாதாரணம் என்று விட்டிருந்தேன். மேகம் வரைக்கும் ஏறித் தேடியவள் காலுக்குக் கீழே பார்க்கவில்லை.

அன்று வேலை முடிந்து நேராகப் போனேன். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாதத்திலேயே என்னைத் தெரிந்திருக்கும், நிமிரவில்லை. தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் காலால் தரையை ஒரு முறை தட்டினேன். 'இங்கே பார்.' அவள் பார்க்கவில்லை. இன்னொரு முறை. மூன்றாம் முறை தட்டியபோது வேண்டாவெறுப்பாக நிமிர்ந்தாள்.

முதலில் என் கையால் என் கன்னத்திலேயே ஒன்று வைத்துக்கொண்டேன். அதற்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான். பிறகு பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டேன். சீட்டை உதட்டுக்கு முன்னால் பிடித்தேன். சொன்னேன்.

அவள் கண் சீட்டிலேயே இருந்தது. அது என்ன என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. எழுந்து வந்தாள். என் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டாள். "இன்னொரு தடவை" என்றாள். இந்த முறை சொல்லவேண்டியவள் நான். சொன்னேன். "இன்னொரு தடவை." அவள் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அர்த்தம்?" என்று கேட்டாள்.

கையை விரித்துத் தரையைக் காட்டினேன். மண், நிலம், எல்லாம். "மேகம் மாதிரி, கடல் மாதிரி அழகா எல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா... கீழ இருக்கறது. எல்லாத்தையும் தாங்குறது" என்றேன். மன்னிப்புக் கேட்கிற தொனி கையிலும் வரும், அன்று வந்தது.

அவளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி குதிகாலால் பலகையை ஒரு முறை தட்டினான். எட்டி நின்றவளுக்கு அது போய்ச் சேர்ந்ததை அவள் முகத்தில் பார்த்தேன். அவள் பதிலுக்குத் தட்டினாள். அது என் காலுக்கும் வந்தது.

"சும்மா கீழ இருக்கறதா?" தம்பி மனைவியின் கைகள் என்னைத் திட்டின. "எங்களுக்குக் காது எதுன்னு நினைச்சீங்க? இவர் படியேறி வர்றதை எனக்கு யார் சொல்றா? நீங்க வர்றதை யார் சொன்னா? கீழ ரம்பம் ஓடுது, தெருவுல லாரி போகுது, பாப்பா தொட்டிலை உதைக்கிறா, இதையெல்லாம் எனக்குச் சொல்றது யாரு? உங்களுக்கெல்லாம் சத்தம் காத்துல வருது. எங்களுக்குப் பூமியிலதான் வருது."

நாற்பத்திரண்டு பெயருக்குப் பொருள் எழுதியவள் நான். எத்தனையோ முறை அந்தப் பலகையில் நடந்திருக்கிறேன். இந்த உலகம் கேட்கும் உலகம், அவர்கள் அதற்கு வெளியே இருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உலகம் முழுக்க ஒரே தரை. அது அவர்களிடம் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, மிதித்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் கேட்டதில்லை.

அவள் தம்பியின் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். அது பசியிலோ தூக்கத்திலோ சிணுங்கிக்கொண்டிருந்தது, முகம் வேறு பக்கம். நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சொன்னாள்.

வந்துவிட்டது.

சரியாக வந்ததா என்றால், இல்லை. பூமி என்று சொல்லும்போது முதல் எழுத்துத் தொண்டையைத் தொட்டுக்கொண்டு வரவேண்டும். அவளுக்கு ஊதுகிற மாதிரி உதட்டிலிருந்து வந்தது. நடுவில் கொஞ்சம் இழுத்தது. கரகரப்பு அப்படியே இருந்தது. ஆனால் சிணுங்கல் நின்றது. இரண்டு வாரக் குழந்தை, கழுத்து நிற்காத குழந்தை, அந்த நெஞ்சில் தலையை உரசி உரசித் திருப்பி, சத்தம் வந்த இடத்தைத் தேடி அம்மாவின் முகத்துக்கு வந்து நின்றது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

அவள் மறுபடி சொன்னாள். அது கண்ணை எடுக்கவில்லை.

"வந்துச்சா அண்ணி?" என்றாள் என்னிடம். கண்ணில் அன்று கடையில் பேசிக் காட்டியவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். "சரியா வந்துச்சா?"

என் வாய் வரைக்கும் திருத்தம் வந்தது. பழக்கதோஷம் அவ்வளவு சீக்கிரம் போகாது. விழுங்கினேன்.

"எங்கிட்ட கேக்காதே" என்றேன். "பேருக்குச் சொந்தக்காரி திரும்பிட்டா. நான் யாரு நடுவுல?"

தம்பி கையை விரித்து, தரையைப் பார்த்து வைத்து, லேசாக நடுக்கிக் காட்டினான். அப்படியே அது குழந்தையின் கைப்பெயர் ஆகிவிட்டது. அதிர்கிற நிலம். வெள்ளிக்கிழமை போய்ப் பெயரைப் பதிந்தோம். அதோடு தம்பி மனைவியின் வாய் மறுபடி கதவுக்குள் போய்விட்டது. வீட்டில் சொல்வாள், எனக்கு முன்னால் சொல்வாள். படியிறங்கித் தெருவுக்குப் போனால் உதடு ஒட்டிக்கொள்ளும். நானும் வற்புறுத்தவில்லை. ஒருமுறை பட்டது போதாதா?

எட்டு மாதம் கழித்து அவர்கள் அவள் பெற்றோர் வீட்டுக்குப் போகக் கிளம்பினார்கள். நான்கு பத்து வண்டி. அது வழக்கமாக ஐந்தாம் மேடையில் நிற்கும். அன்று ஐந்தில் ஒரு வண்டி பழுதாகிக் கிடந்ததால் இரண்டாம் மேடைக்கு மாற்றியிருந்தார்கள். நான் மூன்று முறை அறிவித்தேன், என் மிகச் சிறந்த குரலில். பிறகு நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தேன்.

தம்பி ஐந்தாம் மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் பெட்டி. நெஞ்சில் கட்டிய துணிப்பையில் குழந்தை, முகம் முன்பக்கம், காலை உதைத்துக்கொண்டு. இருபது அடி பின்னால் தம்பி மனைவி நின்றுவிட்டாள். இரண்டாம் மேடையில் வண்டியின் ஊர்ப் பலகையை அவள் பார்த்துவிட்டாள். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவள் காலால் தரையை ஓங்கித் தட்டினாள். சிமெண்டு விழுங்கியது. இன்னொரு முறை தட்டினாள். அவன் போய்க்கொண்டே இருந்தான். நடுவில் பெட்டியும் சட்டியுமாக ஒரு கூட்டம் புகுந்தது.

என் கை மைக்குக்குப் போனது. பாதியில் நின்றது. யாருக்குச் சொல்லப்போகிறேன்? நிலையத்தில் இருக்கும் அத்தனை பேரையும் என்னால் திருப்பமுடியும், என் தம்பியைத் தவிர.

அப்போது அவளைப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் நின்று, கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். நெஞ்சில் கை வைத்தாள். உதடு குவிந்தது. உதடு மூடியது. வாய் விரிந்தது.

கண்ணாடி அறைக்குள் சத்தம் வராது, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எவ்வளவு உரக்கக் கூப்பிட்டிருப்பாள் என்று தெரிந்தது, ஏனென்றால் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். டீக்கடைக்காரர் திரும்பினார். இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவள் அதைப் பார்த்தாள், நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் அகலமாக வாயைத் திறந்து மறுபடி கூப்பிட்டாள்.

துணிப்பைக்குள் ஒரு தலை துடித்துத் திரும்பியது. பின்னால் பார்க்க முடியாமல் உடம்பையே முறுக்கிக்கொண்டு, தம்பியின் கைக்கு அடியில் முகத்தை நுழைத்துத் தேடியது. தன் நெஞ்சில் அந்தத் துள்ளலை உணர்ந்து தம்பி நின்றான். குனிந்து மகளைப் பார்த்தான். அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தான். திரும்பினான்.

தூரத்தில் மனைவி இரண்டாம் மேடையைக் கையால் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் பெட்டியோடு ஓடி வந்தான். நெஞ்சில் இருந்தவள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். நேரக்காப்பாளர் அண்ணன் வண்டிக்கு முன்னால் கையை நீட்டி நின்று ஓட்டுநரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏறுவதற்கு முன்னால் தம்பி மனைவி என் அறையைத் திரும்பிப் பார்த்தாள். வந்ததா என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. புருவத்தைத் தூக்கிச் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டாள், வாயை மூடாமல்.

நான்கு பத்து வண்டிக்குப் புறப்பாடு அறிவிப்பு அன்று போகவே இல்லை. நேரக்காப்பாளர் அண்ணன் கதவைத் திறந்து, "என்ன தங்கச்சி, வாய் அடைச்சுப் போச்சா?" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய வண்டி, குதிகாலில் தெரிந்தது.